குப்பை மேட்டில் கிடைத்த ஓவியம்

"இதில் என்ன இருக்கிறது? என் பையனே செய்வானே!" அரூப ஓவியங்களைப் பார்க்கும் பலரும் சொல்வது இதுதான். பையன் செய்தால் என்ன தவறு?

ஜோசப் ஆல்பர்ஸ் 1920ல் ஜெர்மனியின் வைமர் நகரில் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். பொருட்கள் வாங்கக் கையில் காசில்லை. ஊர்க் குப்பை மேட்டில் உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி வந்து, வெளிச்சம் ஊடுருவும் அரூபப் படங்கள் செய்தார்! நாஜிகளின் நெருக்கடியால் 1933ல் அப்பள்ளி மூடப்பட்டது. அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே வண்ணப் பாடத்துக்குக் கலர் பேப்பரும் காய்ந்த இலைகளுமே போதுமானதாக இருந்தன.

பெயிண்டைக் கலக்கினால் அதே நிறம் மறுபடி வருவது கடினம். தாளை வெட்டினால் இரண்டு துண்டும் ஒரே நிறம்தான். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் வைத்துப் பாருங்கள். முதலாவது வெளுத்தும், இரண்டாவது கறுத்தும் தெரியும். கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது.

அரூபக் கலை விடுகதை அல்ல, கண்ணுக்கான பயிற்சி. பள்ளி ஓவிய வகுப்பில் மலையையும் சூரியனையும் பார்த்து வரையத் தெரியாத பிள்ளை, கலர் பெட்டி வாங்க முடியாத பிள்ளை ஒதுங்கி நிற்கிறது. அதன் கையில் பழைய பத்திரிகை அட்டையும் சாக்லேட் தாளும் கத்தரிக்கோலும் கொடுத்தால் போதும்.

பையன் செய்யட்டுமே!