தூக்க மாத்திரைக்கு இயங்கலைச் சீட்டு: பொறுப்பு யாருக்கு?

கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். மருந்துச் சீட்டும் வரும், மாத்திரையும் வாசலுக்கே வரும் என்கின்றன இயங்கலைச் சேவைகள். இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோனவருக்கு இது பெரிய உதவிதான். தோட்டத்திலிருந்து பட்டணத்து கிளினிக்கிற்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறதே என்று தவிப்பவரை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் மாத்திரை, உடல் இளைக்கத் தரும் பெண்டர்மின், கொடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் அதே வழியில் வரலாமா?

டயஸெபாம், அல்பிரஸோலாம், பெண்டர்மின் போன்றவை 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் மனநிலையைப் பாதிக்கும் பொருள்களாகத் தனியே பட்டியலிடப்பட்டவை. இவற்றைக் கொடுப்பவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டு விதிமுறைகள். கொடீன் அபாயகர போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகிறது.

நச்சுப்பொருள் சட்டத்தின் 19ஆவது பிரிவுதான் இங்கே முக்கியம். மருத்துவர் இத்தகைய மருந்தைத் தம் நோயாளிக்கு, அந்த நோயாளியின் சிகிச்சைக்காக மட்டுமே கொடுக்கலாம். ‘தம் நோயாளி’ என்றால் யார்? முகம் பார்க்காமல், குரலும் கேட்காமல், ‘ஆம், இல்லை’ என்று தட்டி அனுப்பியவர் நோயாளியா, வாடிக்கையாளரா? இதைத் தெளிவாக்கியிருக்க வேண்டிய 1997ஆம் ஆண்டு தொலைமருத்துவச் சட்டமோ, நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியிலேயே கிடந்தது.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். தொலைமருத்துவம் நடத்திய ஒரு கிளினிக்கின் உரிமத்தை அங்குள்ள சுகாதார அமைச்சு 2024 டிசம்பரில் ரத்து செய்தது. ஒரே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆலோசனைகள் ஒரு நிமிடத்திலோ அதற்கும் குறைவாகவோ முடிந்திருந்தன. அங்கே பெரிய விவகாரம் எம்.சி.தான். ஆனால் ஒரு நிமிடத்தில் எம்.சி. எழுத முடிந்தால் தூக்க மாத்திரையும் எழுத முடியும் அல்லவா?

சீட்டு எழுதினால்தான் வருமானம் என்றாகிவிட்டால் மருத்துவர் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். அந்தக் காலத்துத் தோட்ட டிரசருக்கு வசதி குறைவு. ஆனாலும் யார் வீட்டில் குடி, யாருக்கு என்ன கவலை என்பது அவருக்குத் தெரியும். படிவத்துக்கு அது தெரியாது. சம்சு குடித்துவிட்டு இதே மாத்திரையை விழுங்கினால் மூச்சே அடங்கிப்போகலாம். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இன்னொன்று, தாளில் எழுதிய சீட்டு ஒன்றுதான். கைப்பேசியில் இருக்கும் படத்தையோ ஐந்து மருந்தகங்களுக்கு அனுப்பலாம்.

சீட்டே கேட்காமல் முகநூலிலும் புலனத்திலும் விற்பவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் அனுப்பும் பெட்டியில் ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு பெறாத மருந்தை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க மருந்து விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. வாங்கிச் சாப்பிட்டவரின் உடம்புக்கு வந்த கேட்டை அந்த அபராதம் ஈடுகட்டாது.

ஏற்கெனவே இப்படி வாங்கிச் சாப்பிடுபவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்பது தெரிந்தால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவரால் முடியும்.