எரியாத வீடு

நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நினைவுநாள். கொழும்பின் பொரளை கனத்தை மயானத்தில் கல்லறை கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். காற்றில் அணையப்போகும் சுடரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே செபமாலை சொல்வார்கள். 1983 ஜூலை 24 இரவு தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்ததும் இந்த மயானத்தைச் சுற்றித்தான். கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. தந்தையின் இல்லத்தில் இடம் ஆயத்தம் செய்யப் போவதாக இயேசு சொன்னதை (யோவான் 14), வீடு பறிகொடுத்த கிறிஸ்தவன் ஆறுதலாக மட்டும் கேட்பதில்லை. அது அவனுக்கு உயிர்த்தாகம். ஆனால் அந்தத் தாகத்தைக் காட்டி, இங்கே அவனுக்குச் சேரவேண்டிய நீதியைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது. பரலோக வீட்டை நம்புகிறவனுக்கும் இந்த ஊரில் அச்சமின்றிப் படுத்துறங்க ஒரு கூரை வேண்டும்.