இல்லமே இல்லாரை எங்குத் தேடுவது?

கொல்லிமலை வாசலூர்பட்டியில் படகேறி மகிழ வருவோர் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறுகின்றனர். அதே வளைவுகளின் வழியே மலைக்குடும்பங்கள் கூலி தேடிக் கீழிறங்குகின்றன. வல்வில் ஓரி ஆண்ட மண்ணின் மக்கள், முன்பணக் கடனுக்காகக் கீழ்நாட்டுச் செங்கற்சூளைகளின் ஓரம் ஒண்டிக் கிடக்கும் நிலை இன்றும் ஒழிந்தபாடில்லை.

மழை ஓய்ந்தபின் தொடங்கும் சூளைவேலை கோடை முழுதும் நீளும். பெற்றோருடன் குழந்தையும் செல்கின்றது. பள்ளியாண்டின் பிற்பாதி அதற்கு இல்லை. கோடையிலும் ஓரெழுத்தும் கண்ணிற் படுவதில்லை. சூன் திங்களில் பள்ளி திறக்குங்கால், முன்பு கற்ற எழுத்தும் மறந்துபோகின்றது.

'இவர்கட்கு மலையில் வீடுண்டே! வீடற்றோர் ஆவரோ?' எனச் சிலர் வினவலாம். அமெரிக்காவில் 1987-இல் இயற்றப்பெற்ற மக்கின்னி–வென்டோ சட்டம், நிலையான, ஒழுங்கான, போதிய இராத்தங்கலிடம் இல்லாரையே வீடற்றோர் என்கின்றது. அவ்வளவுகோலால் அளந்தால் சூளைக்குடிசைக் குழந்தையும் வீடற்றதே.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' நற்றிட்டமே. ஆயின், இல்லமே நிலையாதாரை அஃது எங்குத் தேடும்? 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், குடிபெயர்ந்தோர் குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்கும் கடமையை உள்ளாட்சியின்மேல் சுமத்தியுள்ளது. பள்ளி பூட்டிய கோடையில் அச்சேர்க்கையால் யாது பயன்?

திருவள்ளூர் மாவட்டச் சூளைப்பகுதிகளில் ஒடியத் தொழிலாளர்தம் குழந்தைகட்கு ஒடியப் பொத்தகங்களைக் கொண்டே பாடம் நடத்தப்பெற்றதுண்டு. அது முறையே, தாய்மொழிக் கல்வி எவர்க்கும் உரியது. சூளையருகே வகுப்பு நடத்த இயலும் என்பதற்கும் அதுவே சான்று. அவர்கட்கு இயன்றது தமிழ்க்குழந்தைக்கு இயலாதோ?

வேண்டுவன மூன்றே. கோடையில் ஆறு கிழமைகளேனும் சூளையருகே நாள்தோறும் இரண்டு மணிநேர வகுப்பு நடத்தல் வேண்டும். பள்ளி மூடியதால் நின்றுபோன நண்பகலுணவை அங்கு வழங்குதல் வேண்டும். குழந்தை கற்ற அளவைக் குறித்த ஏடொன்றை மலைப்பள்ளி ஆசிரியர் கையிற் சேர்ப்பித்தல் வேண்டும். சாமை, தினை, பலா, மிளகு என அக்குழந்தை அறிந்த மலைச்சொற்களே முதற்பாடமாகட்டும். தன் நாவிலுள்ள சொல்லைத் தாளிற் காணும் குழந்தை எழுத்தை அஞ்சாது.

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டுமெனப் போராடும் தமிழன்பர், அப்பலகையைப் படிக்கும் கண்களை உருவாக்கவும் கடன்பட்டோரே. எழுத்தறியாத் தமிழ்க்குழந்தைக்குத் தமிழ்ப்பலகையும் அயற்பலகையும் ஒன்றே. அரசு அசையுமட்டும் காத்திராமல், வரும் கோடையில் ஒரு சூளைக்கு இருவராகத் தமிழிளைஞர் புறப்படுக!