காலி செய்யும் நாளிலும் உங்கள் அலுவலகம் வேண்டும்

தமிழ்நாட்டின் மாவட்ட வாடகை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விடைபெற்றது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக அமர்த்தி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அவரிடம் பதிய வேண்டும் என்று சட்டம் சொன்னது. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இதுவே விதி. இணையத்திலேயே பதியவும் வசதி செய்யப்பட்டிருக்கிறது.

குடிவரும் நாளுக்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சண்டை வருவது காலி செய்ய வேண்டிய நாளில். அன்று உங்கள் அலுவலகத்துக்கு வரலாம் என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

தாம்பரம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை. கீழ்த்தளத்தில் அவர், மாடி போர்ஷனில் குடித்தனம். இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாத அக்ரிமெண்ட். மார்ச்சில் கெடு முடிகிறது. வெளியூரிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்புகிறான் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். “பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும்மா” என்றார்கள். நியாயம்தான், ஒப்புக்கொண்டார். பரீட்சை முடிந்தது. வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றார்கள். ஜூலை பிறந்ததும், “ஆடி மாசத்துல எப்படிம்மா வீடு மாத்துறது?” என்றார்கள். அந்த மாதத்தோடு வாடகையும் நின்றது. கேட்டதற்கு, “அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க.” ஆவணியில் போனையே எடுக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சொந்த வீட்டின் வாசலில் நின்று கோலம் போடவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மோட்டாரை நிறுத்துங்கள், தண்ணீர் இல்லாவிட்டால் தானாகப் போவார்கள். ஃபியூஸைப் பிடுங்குங்கள். தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள், வந்து பேசுவார்கள். காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்ம்மா, கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். இத்தனை பேரில் வாடகை அதிகாரி என்ற பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

சட்டம் அவரைக் கைவிட்டிருக்கவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறியிருந்தால் அதையே காரணமாகக் காட்டியும் கேட்கலாம். குடித்தனம் முறைப்படி முடிந்த பிறகும் நகராதவர் மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டுவது மட்டும் கூடாது. வெட்டினால் தவறு உரிமையாளர் பக்கம் திரும்பிவிடும். வாடகைதாரர் உங்களிடம் வந்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி நீங்கள் உத்தரவிடலாம். ஃபியூஸைப் பிடுங்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அந்த அம்மாவை எதில் தள்ளப் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. அதை உரிமையாளர்களும் அறிவதில்லை, வாடகைதாரர்களும் அறிவதில்லை. கெடு முடிந்தும் புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் நீடிப்பதாக, அதிகபட்சம் ஆறு மாதம் வரை, சட்டம் கருதிக்கொள்கிறது. பதினோராவது மாதம் முடிந்த மறுநாளே பெட்டியை வெளியில் வைக்கலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார். ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம் என்று குடியிருப்பவர் நினைக்கிறார். இரண்டும் தவறு. இந்த ஒரு செய்தி உரிய நேரத்தில் இருவர் காதிலும் விழுந்தால் பாதிச் சண்டை எழவே எழாது என்று உறுதியாக நம்புகிறோம்.

குடியிருப்பவர் பக்கமும் பேசியாக வேண்டும். அடம்பிடிப்பவர் எல்லோரும் அடாவடிக்காரர் அல்ல. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று இந்தச் சட்டம் சொன்ன பிறகும் வழக்கம் முற்றாக மாறவில்லை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி. பழைய வீட்டுக்காரரோ, அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் உங்கள் பணம் என்கிறார். வாங்கிய பணம் எப்போதோ மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போயிருக்கும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, ஓடாத கீசருக்கு இவ்வளவு என்று போன பிறகு கழிப்பார்களே என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. “அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க” என்பது பல வீடுகளில் இந்த அச்சத்தின் பேச்சு. அதற்காக வாடகையை நிறுத்தியதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஓய்வூதியத்தோடு அந்த வாடகையையும் நம்பி மருந்து வாங்கும் ஒருவரிடம் அதை நிறுத்துவது கொடுமை.

இங்கேதான் உங்களால் பெரிய காரியம் செய்ய முடியும். ஒப்பந்தம் முடியும் தேதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு அறுபது நாள் முன்னால் இருவர் கைபேசிக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். நீட்டிப்பதா, காலி செய்வதா என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் சட்டப்படி நடப்பது இது. பேச்சு முறிந்தால் வர வேண்டிய அலுவலகம் இது என்று மூன்று வரி போதும்.

பதியும்போதே வீட்டுப் பொருள்களின் பட்டியலையும் சுவர்களின் புகைப்படங்களையும் சேர்த்து வாங்குங்கள். மின்விசிறி எத்தனை, கீசர் ஓடுகிறதா, மீட்டரில் எவ்வளவு என்று தொடக்கத்திலேயே இருவரும் கையெழுத்திட்ட தாள் இருந்தால், காலி செய்யும் நாளில் சுவரைக் காட்டிக் கத்த வேண்டியிருக்காது.

முக்கியமாக, இருவரும் விரும்பி வந்தால் சாவியும் அட்வான்ஸ் மீதியும் உங்கள் முன்னிலையில் ஒரே வேளையில் கைமாற ஒரு நாளை ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். இதற்குத் தனி விதி தேவைப்பட்டால், கேட்டு அரசுக்கு எழுதுங்கள்; அந்தக் கோரிக்கைக்கு நாங்களும் குரல் கொடுப்போம். சாவி முதலா பணம் முதலா என்ற இழுபறியில் சிக்கிய வீடுகள் நீதிமன்றம் ஏறாமலே தீரும். வேண்டுமென்றே அடம்பிடிப்பவர்களின் வழக்குகளை விரைந்து முடிக்க வாடகை நீதிமன்றங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும். “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பும் காவலர், அதோடு உங்கள் அலுவலகத்தின் முகவரியையும் சொல்லி அனுப்பட்டும்.

எங்கள் ஊர்களில் வீடு மாறுவது பள்ளித் தேர்வு முடிந்து, ஆடி பிறப்பதற்குள். வருகிற பங்குனிக்குள் அந்தக் குறுஞ்செய்தியையாவது தொடங்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எங்களுக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு