சாவி இல்லாமல் திறக்கும் பூட்டு!

மார்பகப் புற்றுநோய்களில் 100-க்குச் சுமார் 70, 'ஈஸ்ட்ரோஜன்' என்ற ஹார்மோனால் வளர்பவை. நோய்ச் செல்லில் ஒரு பூட்டு இருக்கிறது. ஹார்மோன்தான் அதற்குச் சாவி. 1977-ல் அமெரிக்க அரசு அனுமதித்த 'டாமாக்சிபென்' மாத்திரை, சாவித் துவாரத்தை அடைத்துவிடுகிறது. ஹார்மோன் உற்பத்தியையே குறைக்கும் மருந்துகளும் பின்னர் வந்தன.

ஆனால், நோயும் சும்மா இருப்பதில்லை. முற்றிய நிலையில் இம்மருந்துகளை நெடுநாள் சாப்பிட்ட சிலருக்குப் பூட்டே மாறிவிடுகிறது. சாவி இல்லாமலே திறந்துகொள்கிறது! 'இ.எஸ்.ஆர்.1' என்ற மரபணுவில் ஏற்படும் மாறுதலே காரணம்.

இதற்கு டாக்டர்கள் கண்ட வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, செல் பிளந்து பெருகுவதைத் தடுப்பது. 2015-ல் வந்த 'பால்போசிக்ளிப்' அத்தகையது. ஹார்மோன் மருந்துடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மற்றது, பூட்டையே உடைப்பது. 2023-ல் வந்த 'எலாசெஸ்ட்ரன்ட்' இந்த வகை. யாருக்கு இது பலிக்கும் என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே அறியலாம்.

முற்றிய நோயை இவை ஒழிப்பதில்லை, தள்ளிப்போடுகின்றன. விலையும் அதிகம். டாமாக்சிபெனோ மலிவு. அதை டாக்டரைக் கேளாமல் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. நோய் மருந்தை எதிர்ப்பது வேறு. மருந்தை நாமே கைவிடுவது வேறு. முதலாவதற்குத்தான் புது மருந்து வேண்டும்!