எல்லாருக்கும் திறந்துவிடுவது துரோகம்

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. மாற்றாமல் இழுத்தடித்த அலுவலகங்கள் இன்னும் அவசர அவசரமாக ஃபைல் சர்வரை மாற்றிக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமை மாலை தொடங்கும் வேலை திங்கள் காலைக்குள் முடிந்தாக வேண்டும். நேரம் போதாதபோது முதலில் பலியாவது ஃபோல்டர் அனுமதிகள்தான். 'எவ்ரிஒன்' குழுவுக்கு 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்துவிட்டு, "அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த 'அப்புறம்' வருவதேயில்லை. இதை ஏதோ சின்னத் தொழில்நுட்பக் குறை என்று நாம் ஏற்கத் தயாரில்லை. இது நம்பிக்கைத் துரோகம்.

மனிதவளப் பிரிவின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சம்பளப் பட்டியல், மருத்துவச் சான்றுகள், மெமோக்கள், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் குழுவின் தாள்கள். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் இருக்கும் நாலைந்து பேரை நம்பித்தான் அவர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை அந்தப் புகார் அலுவலகத்தின் எந்தக் கணினியிலும் திறக்கிறது என்றால் அவருக்கு யார் பதில் சொல்வது?

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. வழக்கம்போல் காப்பி செய்து ஒட்டினால், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிதான் கோப்புக்கு வரும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையும் தானாக அனுமதிகளைத் தூக்கிச் செல்லாது; 'காப்பிஆல்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷேர் அனுமதிகள் பழைய சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கின்றன. அவற்றைத் தனியாக எடுத்துவர வேண்டும். பழைய சர்வரிலேயே உருவாக்கிய லோக்கல் குழுக்களைப் புதிய சர்வருக்குத் தெரியாது. செக்யூரிட்டி பக்கத்தில் குழுவின் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வந்து நிற்கும். பலர் பொறுமையிழப்பது இங்கேதான்.

"கம்ப்ளைண்ட் எதுவும் வரலை சார்" என்கிறார்கள். எப்படி வரும்? அனுமதி குறைந்தால் ஐந்து நிமிடத்தில் போன் அலறும். கூடிப்போனால் யார் கூப்பிடுவார்? மேலதிகாரியின் சம்பளத்தைப் பார்க்க முடிகிறதே என்று எந்த ஊழியர் புகார் எழுதுவார்?

ஆனால் சிஸ்டம் அட்மினைவிடப் பெரிய குற்றவாளி நிர்வாகமே. டெராபைட் கணக்கில் தரவை நகர்த்தத் திட்டம் போடுகிறவர்கள், அனுமதிகளைச் சரிபார்க்க அரை நாள்கூட ஒதுக்குவதில்லை. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தொகையைக் கேட்டாவது சிலருக்குத் தூக்கம் கலையட்டும்.

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றத்துக்கு முன்பு எடுத்த அனுமதிப் பட்டியலையும் பின்பு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியரின் கணக்கில் நுழைந்து சம்பள ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். அது திறந்தால் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.