துப்பாக்கி வாசலோடு நிற்கட்டும்

கொழும்பில் பெரியாஸ்பத்திரி தொடங்கியது 1864இல். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகள் சில கூடி, போரில் காயம்பட்டவனையும் அவனுக்கு மருந்து கட்டுகிறவர்களையும் எவரும் தொடக்கூடாது என்று முதல் உடன்படிக்கையை எழுதின. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் எந்தப் பொது ஆஸ்பத்திரியும் அந்த எண்ணத்தில்தான் நடக்கிறது. வாட்டுக்குள் வந்து படுத்துவிட்டவனிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை.

கொழும்பில் அந்த எண்ணம் சோதனைக்கு உள்ளாகாத தலைமுறை இல்லை. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடிபட்டுக்கொண்டார்கள். 136 வருடங்கள் கழித்து இன்னோர் உயிர்த்த ஞாயிறில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அங்கே காயம்பட்டவர்களை அந்தப் பெரியாஸ்பத்திரிக்குத்தான், இன்றைய தேசிய வைத்தியசாலைக்குத்தான், ஏற்றிச் சென்றார்கள். 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின்போதும் அதே வாசல்தான். இனத்தையும் மதத்தையும் வெளியே விட்டுவிட்டுத் தாதியர்கள் வேலை செய்தார்கள். இதை நாம் போதுமான அளவு பாராட்டியதில்லை.

அந்த வாசலை ஆயுதம் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டின் ஆகக் கொடிய சாட்சி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். நகரில் சண்டை நெருங்கியதும் ஊழியர்களில் பலர் வேலைக்கு வர முடியாமல் போயிற்று. நோயாளிகளை விட்டுப்போக மனமில்லாத சிலர் தங்கினார்கள். பிற்பகலில் இந்திய அமைதிப்படை உள்ளே நுழைந்து சுட்டது. உயிர் பிழைத்தவர்கள் பிணங்களுக்கு நடுவே அசையாமல் இரவைக் கழித்தார்கள். மறுநாள் காலை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் தாதியர் சிலரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்று உரத்துச் சொல்லியபடி வந்தார். அவரையும் சுட்டார்கள். இறந்தவர்கள் 60க்கு மேல். அவர்களில் 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர். வைத்தியர்கள் பரிமேலழகரும் கணேசரத்தினமும் அந்த 21 பேரில் அடக்கம். இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் அகப்பட்டு இறந்தார்கள் என்றது படை. உள்ளே இருந்து உயிர் தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். அந்தச் சாட்சியங்களைப் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர், யாழ் மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம. அவர் 1989 செப்டம்பரில் பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரிப் படுகொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தண்டனை இல்லாத குற்றம் திரும்ப வரும். 2009இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல் எறிகணைகள் விழுந்தன. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களிலும் கொட்டில்களிலும் இயங்கிய தற்காலிக ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. ஏழு வருடங்களுக்குப் பிறகு, 2016 மேயில், ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆஸ்பத்திரித் தாக்குதல்களைக் கண்டித்து 2286ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. காசாவையும் சூடானையும் பார்க்கிறவர்களுக்கு அதன் பலம் தெரியும்.

இப்போது போர் இல்லை. ஆனாலும் 2025 மார்ச் 10 இரவு, அனுராதபுரம் போதனா வைத்தியசாலை விடுதியில் பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளானார். கைதான சந்தேகநபர் முன்னர் இராணுவத்தில் இருந்தவர். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன் கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியர் ஒருவரைக் கெடுத்துக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர், பொலிசாருக்குத் துணைவேலை செய்த தொண்டர். அங்கே உச்சநீதிமன்றம் மத்தியப் படையைக் காவலுக்கு அனுப்பியது. இங்கேயும் ஏதாவது நடந்தவுடன் பொலிசையும் படையையும் கூட்டச் சொல்லிக் குரல் எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பது காவல் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். தமிழ் நோயாளிக்கு அது 1987.

அனுராதபுரம் சம்பவத்துக்காக அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் 24 மணிநேர வேலைநிறுத்தம் செய்தது. கோபம் நியாயமானது. ஆனால் வெளிநோயாளர் பிரிவில் துண்டோடு திரும்பிப் போனவர்கள் யாரையும் தாக்கியவர்கள் அல்லர்.

கை வைக்காமலும் அடிக்கலாம். உயிர்த்த ஞாயிறுக்குப் பின் குருநாகல் ஆஸ்பத்திரி வைத்தியர் ஷாபி மீது, சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தினார்கள். அவர் முஸ்லிம் என்பது போதுமானதாக இருந்தது. 2019 மேயில் கைது, பிறகு பதவி இடைநிறுத்தம். 2022இல் நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேல் கைக்கு வந்தபோது, நாட்டில் மருந்தே இல்லை. அந்தப் பணத்தை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். பழி சொன்ன வாய்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இனி, அன்றாடச் சண்டைகள். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரச ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வைத்தியர் ஒருவரைக் கத்தியால் குத்தியவன், நோயாளியின் மகன். தாய்க்குச் சரியான வைத்தியம் கிடைக்கவில்லை என்பது அவன் குறை. கத்திக்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் சண்டை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து தகப்பனை விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவரும் மகனோ, வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலவுக்குத் தாயைக் கொண்டுபோகும் மகளோ, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். தமிழ் அரசகரும மொழியானதும் 1987இல்தான். இரவு ஒரு மணிக்கு மரணச் செய்தியைத் தமிழில் சொல்ல ஆள் கிடைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. விளங்காத சிங்களத்தில் கைச்சைகையோடு கேட்கும் செய்தி, அசட்டையாகவே காதில் விழும். அந்தக் கோபம் போய் விழுவது தீர்மானம் எதையும் எடுக்காத இளம் தாதியின் மேல், அல்லது வாசலில் நிற்கும் சிற்றூழியர் மேல்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. விடுதிக் கதவுகளுக்கு உறுதியான பூட்டும் பாதைக்கு வெளிச்சமும் வேண்டும். இரவுக் கடமையில், செய்தி சொல்வதற்கென்றே இரு மொழியும் பேசும் ஒருவரை அமர்த்த வேண்டும். காவலுக்கு ஆயுதமில்லாத, பயிற்சி பெற்ற ஆட்கள் போதும். ஊழியரைத் தாக்கியவன் மேல் வழக்குப் போட வேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகம். அடிவாங்கிய தாதி தன் லீவில் பொலிசுக்கு அலையக்கூடாது. நோயாளியை ஊழியர் அவமதித்தால் அந்த முறைப்பாட்டையும் அதே நிர்வாகம் அதே வேகத்தில் விசாரிக்க வேண்டும்.